கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்று

ஆண் நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் அதன் கண்ணைப் பார்ப்பார்கள், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார்கள், வயிறு உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். பின்னங்கால்களுக்கு நடுவே கை வைத்து, விதைப்பையில் இரண்டு விதைகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. கூச்சம் ஒரு காரணம். அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராதது இன்னொரு காரணம். முதல் தடுப்பூசிக்குப் போகும்போது கால்நடை மருத்துவர்தான் தடவிப் பார்த்துவிட்டு, "ஒன்றுதான் இறங்கியிருக்கிறது" என்பார். அதற்கு வரும் பதிலும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "அதுதான் ஒன்று இருக்கிறதே டாக்டர், போதாதா?"

இறங்கியிருக்கிற ஒன்றைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உள்ளேயே தங்கிவிட்ட மற்றொன்றைப் பற்றித்தான் பேச்சு. இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என்னோடு வாழ்ந்த இரண்டு நாய்கள். ஒருவன் செம்பன். சிறிய உருவம், அடர்ந்த முடி, குட்டியாக வந்தவன். மற்றவன் ராஜா. வயதான பிறகு வேறொரு வீட்டிலிருந்து என்னிடம் வந்தவன். இருவருக்கும் இருந்தது ஒரே குறைதான். செம்பனுக்கு அது காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ராஜாவுக்கு அப்படி நடக்கவில்லை.

முதலில், விதை எங்கிருந்து எங்கே இறங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்ற எல்லாம் புரிந்துவிடும்.

கருவில் விதைகள் உருவாவது சிறுநீரகங்களுக்கு அருகே, வயிற்றின் மேற்பகுதியில். அங்கிருந்து ஒரு நார்ப்பட்டை அவற்றைக் கீழே வழிநடத்துகிறது. முதலில் அது தடித்து வீங்கி வழியைத் திறந்துவிடுகிறது, பிறகு சுருங்குகிறது. இந்தப் பயணத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. வயிற்றுக்குள்ளேயே கீழே வந்து சேர்வது முதல் கட்டம். இன்சுலினின் அமைப்பை ஒத்த, விதையே சுரக்கும் ஒரு ஹார்மோன் அதை நடத்துகிறது. தொடை இடுக்கில், வயிற்றுச் சுவரில் உள்ள குறுகிய வழியைக் கடந்து விதைப்பைக்குள் இறங்குவது இரண்டாம் கட்டம். அதற்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பிசகினாலும் விதை நடுவழியில் நின்றுவிடும். வயிற்றுக்குள்ளேயே நிற்கலாம், தொடை இடுக்கு வழிக்குள் சிக்கலாம், அதைக் கடந்து வெளியே வந்தும் விதைப்பையை எட்டாமல் தோலுக்கு அடியிலேயே தங்கலாம்.

மனிதக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்தப் பயணம் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நாய்க்குட்டிகளுக்கு அப்படி இல்லை. பிறக்கும் நேரத்தில் விதைகள் இன்னும் வயிற்றுக்குள்தான் இருக்கின்றன. பிறந்த 3, 4 நாட்களில் தொடை இடுக்கு வழியைக் கடந்து, 5 வார அளவில் விதைப்பையை அடைகின்றன. அப்போதும் அவை மிகச் சிறியவை என்பதால் விரலுக்குத் தெளிவாக அகப்படுவது 6 முதல் 8 வாரங்களில்தான். 8 வாரத்தில் இரண்டும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் சந்தேகம் தொடங்குகிறது. சில குட்டிகளுக்குத் தாமதமாக இறங்குவது உண்டு என்பதால் 6 மாதம் வரை மருத்துவர்கள் முடிவு சொல்லாமல் காத்திருக்கிறார்கள். அந்த வயதுக்குள் தொடை இடுக்கின் வழி இறுகிவிடும். அதற்குப் பிறகு இறங்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், ஆண் நாய்களில் நூற்றுக்கு 1 முதல் 10 வரை இந்தக் குறை இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, டாய் பூடில், மினியேச்சர் டாக்ஸ்ஹண்ட் போன்ற சிற்றினங்களில் அதிகம். பெரிய உடல் கொண்டவற்றில் ஜெர்மன் ஷெப்பர்டும் பாக்ஸரும் இந்தப் பட்டியலில் வருகின்றன. இரண்டும் இறங்காததைவிட ஒன்று மட்டும் இறங்காததே அதிகம். அந்த ஒன்றும் பெரும்பாலும் வலது பக்கத்தது. வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் அருகே உருவாகும் வலது விதைக்குப் பயணத் தூரமும் கூடுதல். செம்பனுக்கும் வலதுதான்.

தடவிப் பார்ப்பதிலும் ஒரு பொறுமை வேண்டும். குட்டி பயந்தாலோ குளிர்ந்தாலோ, விதையைத் தாங்கும் தசை சுருங்கி அதை மேலே இழுத்துவிடும். மருத்துவமனை மேசையில் நடுங்கிக்கொண்டு நிற்கும் குட்டியிடம் விதையைத் தேடினால், ஒழுங்காக இறங்கியிருப்பதுகூடக் கைக்குச் சிக்காமல் போகும். வீட்டில், வெதுவெதுப்பான இடத்தில், குட்டி உறக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, சூடான விரல்களால், விதைப்பையிலிருந்து தொடங்கி ஆண்குறியின் இரு பக்கமும் மேல்நோக்கித் தொடை இடுக்கு வரை மெல்ல வருட வேண்டும். தொடை இடுக்கில் கொழுப்புத் திரளும் நிணநீர் முடிச்சும் இருக்கின்றன. பழகாத கைக்கு அவை விதையைப் போலவே தோன்றும். அதனால் வீட்டில் பார்ப்பது ஓர் எச்சரிக்கைக்காக மட்டும்தான். உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். விரலுக்குக் கிடைக்காதபோது அல்ட்ராசவுண்ட் உதவும்.

செம்பனைத் தடவிப் பார்த்த மருத்துவர் தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் 'இடது உண்டு, வலது இல்லை' என்று எழுதிக்கொடுத்தார். அடுத்த ஊசிக்குப் போனபோதும் அதையே எழுதினார். அந்தச் சிறு குறிப்பின் மதிப்பு எனக்கு ராஜா வந்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. எந்த வயதில் எது எங்கே இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், வருடங்கள் கழித்து வேறொரு மருத்துவர் எதையும் ஊகிக்க முடியாது.

காத்திருந்த அந்த மாதங்களில் எனக்கு வந்த யோசனைகளுக்குக் குறைவில்லை. எண்ணெய் தேய்த்து உருவிவிடு என்றார் ஒருவர். ஹார்மோன் ஊசி போட்டால் இறங்கிவிடும் என்றார் மற்றொருவர். உருவி இறக்க முடியாது. வழியில் நிற்கும் விதைக்கு இரத்தக்குழாயின் நீளமும் நார்ப்பட்டையின் பிடிப்பும்தான் தடை; வெளியிலிருந்து விரல் கொடுக்கும் அழுத்தத்துக்கு அதில் வேலை இல்லை. ஹார்மோன் ஊசியும் நாய்களுக்குப் பயன் தந்ததாக நம்பத்தக்க சான்று இல்லை. ஊசி போட்ட பிறகு இறங்கியதாகச் சொல்லப்படும் குட்டிகளில் எத்தனை, ஊசி இல்லாமலேயே தாமதமாக இறங்கியிருக்கும் என்று பிரித்துக் காட்ட வழியில்லை. அப்படியே பயன் தந்தாலும், அந்த நாயின் பரம்பரைக் குறையை மறைத்து, அதை இனப்பெருக்கத்துக்குத் தகுதியானதாகக் காட்டும் வேலையைத்தான் அது செய்யும். என் மருத்துவர் அந்த ஊசியைப் போட மறுத்தார். அவர் மீது எனக்கு மரியாதை கூடியது.

உள்ளே நிற்கும் விதைக்கு என்னதான் ஆகிறது?

நாயின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். விந்தணு உருவாக அதைவிடச் சில டிகிரி குறைவான வெப்பம் தேவை. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதும், அதற்குள் போகும் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலையாகப் படர்ந்து இரத்தத்தைக் குளிர்விப்பதும் அதற்காகத்தான். வயிற்றுக்குள் நிற்கும் விதைக்கு இந்தக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. விந்தணுவை உருவாக்கும் செல்கள் நலிகின்றன. விதை சிறுத்து மெத்தென்று ஆகிறது. ஆனால் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்கள் அந்த வெப்பத்தைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே இரண்டு விதைகளும் உள்ளே இருக்கும் நாய் குட்டி தராது; ஆனால் காலைத் தூக்கிச் சிறுநீர் தெளிக்கும், சண்டைக்குப் போகும், பெண் நாயைத் தேடி ஓடும், இணையும். வெளியே விதைப்பை வெறுமையாக இருப்பதைப் பார்த்து, 'இவனுக்குக் கருத்தடை ஆகிவிட்டது' என்று முடிவு செய்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஒன்று இறங்கிய நாய்க்கு அந்த ஒன்றே போதும், குட்டிகள் பிறக்கும். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

வெப்பத்தில் கிடக்கும் அந்த விதையின் பெரிய ஆபத்து கட்டி. இறங்கிய விதையோடு ஒப்பிட்டால், இறங்காத விதையில் கட்டி வரும் வாய்ப்பு சுமார் 9 முதல் 14 மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. வருவது பெரும்பாலும் இரண்டு வகைக் கட்டிகள். விந்தணுவாக மாற வேண்டிய செல்களில் எழும் செமினோமா ஒன்று. அந்தச் செல்களுக்கு ஊட்டம் கொடுத்துத் தாங்கும் செர்டோலி செல்களில் எழுவது மற்றொன்று. இந்தச் செல்களை 1865இல் விவரித்த இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ செர்டோலியின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. செர்டோலி கட்டி பெரும்பாலும் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. அதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பரவாமலேயே கொல்லும் வழி அதற்குத் தெரியும். அது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும்.

ராஜாவின் கதை இங்கே தொடங்குகிறது.

அவன் என்னிடம் வந்தபோது எட்டு வயதிருக்கும். வளர்த்தவர்கள் வெளிநாடு போக வேண்டியிருந்தது. "கருத்தடை எல்லாம் சின்ன வயதிலேயே செய்துவிட்டோம், எந்தத் தொந்தரவும் இல்லை" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். விதைப்பை வற்றிச் சுருங்கியிருந்தது. நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. அவர்களும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சில மாதங்களில் அவனுடைய விலாவின் இரு பக்கமும் முடி மெலிந்தது. கண்ணாடியில் பார்த்தது போல இரு பக்கமும் ஒரே வடிவில் உதிர்ந்தது. அரிப்பு இல்லை, புண் இல்லை. தோலில் கருமை படர்ந்தது. முலைக்காம்புகள் பருத்தன. ஆண்குறியின் உறை தளர்ந்து தொங்கியது. நடைப்பயிற்சிக்குப் போனால் மற்ற ஆண் நாய்கள் அவனைப் பின்தொடர்ந்து வந்து முகர்ந்தன, ஏற முயன்றன. அவன் குழம்பிப்போய் என் கால்களுக்கு நடுவே வந்து நிற்பான். முதலில் பார்த்த மருத்துவர் தைராய்டு குறைபாடாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். கருத்தடை ஆன நாய் என்று அட்டையில் இருக்கும்போது, விதைக் கட்டியை யார் நினைப்பார்கள்?

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு நாயைப் பார்த்தார். உறைக்குள்ளிருந்து பஞ்சுக் குச்சியால் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். பருவத்துக்கு வந்த பெண் நாயிடம் பார்க்கும் தட்டையான முதிர்ந்த செல்கள் அங்கே இருந்தன. உடலில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருக்கிறது என்பதற்கு அது நேரடி அடையாளம். அல்ட்ராசவுண்டில், வயிற்றின் நடுவே, எலுமிச்சையைவிடப் பெரிதாக ஒரு கட்டி தெரிந்தது. முன்பு எப்போதோ நடந்த அறுவை சிகிச்சையில் இறங்கியிருந்த ஒரு விதையை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே இருந்ததை விட்டுவிட்டிருக்கிறார்கள்.

நாயின் எலும்பு மஜ்ஜைக்கு ஈஸ்ட்ரோஜன் நஞ்சு. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றின் உற்பத்தியும் படிப்படியாக நின்றுபோகிறது. ராஜாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் மூன்றுமே சரிந்திருந்தன. ஈறு வெளுத்திருந்தது, அடிவயிற்றின் தோலில் ஊதாப் புள்ளிகள். தட்டணு குறைந்ததால் தோலுக்கடியில் கசிந்த இரத்தம் அது. இரத்தம் ஏற்றி, அறுவை சிகிச்சை செய்து, கட்டியை எடுத்தார்கள். கட்டி போனால் ஈஸ்ட்ரோஜன் குறையும், முடி வளரும், முலைக்காம்பு சுருங்கும். மஜ்ஜை மீள்வது மட்டும் நிச்சயமில்லை. மீண்டாலும் வாரங்கள், மாதங்கள் ஆகும். ராஜாவின் மஜ்ஜை மீளவில்லை. தொற்று ஒன்று வந்தது, அதை எதிர்க்க அவனிடம் வெள்ளையணுக்கள் இல்லை.

இளம் வயதில், வழக்கமான கருத்தடை அறுவை சிகிச்சையின்போது இன்னும் அரை மணி நேரம் கூடுதலாகத் தேடியிருந்தால் தடுத்திருக்கக்கூடிய மரணம் அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இறங்கியதை மட்டும் எடுத்துவிட்டு இறங்காததை விட்டுவிடுவதைப் போல மோசமான ஏற்பாடு வேறில்லை. ஒன்றுமே செய்யாமல் விட்டால்கூட, வெளியே ஒரு விதை தொங்குவதைப் பார்த்து 'இன்னொன்று எங்கே?' என்று யாராவது ஒருநாள் கேட்பார்கள். வெளியில் இருப்பதையும் எடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாமல் போய்விடும். உள்ளே இருப்பது மறக்கப்பட்டுவிடும். எடுப்பதென்றால் இரண்டையும் எடுக்க வேண்டும். முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது மறைந்திருப்பதை. செம்பனுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் இதே வரிசையில்தான் செய்தார். "வலதைக் கண்டுபிடித்த பிறகுதான் இடதைத் தொடுவேன்" என்று முன்கூட்டியே சொன்னார்.

உள்ளே நிற்கும் விதையால் வரும் இன்னொரு ஆபத்து முறுக்கு. வயிற்றுக்குள் பிடிமானம் இல்லாமல் தொங்குவதால், குறிப்பாகக் கட்டி வந்து கனம் கூடும்போது, விதை தன் இரத்தக்குழாயோடு சுற்றிக்கொள்ளும். திடீர் வயிற்றுவலி, வாந்தி, முதுகை வளைத்து நிற்பது, தொட்டால் கத்துவது. இறங்காத விதை இருப்பது தெரிந்த நாய்க்கு இப்படி நேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எப்போது எடுப்பது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்டிகள் வருவது பொதுவாக நடுவயதிலும் அதற்குப் பிறகும்தான். இறங்காத விதையில் அது சற்று முன்கூட்டியே வருகிறது. ஆகவே 6 மாதக் குட்டிக்கு இது அவசர அறுவை சிகிச்சை இல்லை. பெரிய இன நாய்களுக்கு எலும்பும் மூட்டும் வளர்ந்து முடியும்வரை ஹார்மோன் தேவை என்பதால், ஒரு வயதோ அதற்கு மேலோ ஆகட்டும் என்று சிலர் காத்திருக்கச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு மறந்துபோவதில் நியாயம் எதுவும் இல்லை. செம்பன் சிற்றின நாய். அவனுக்குப் பருவம் வந்ததும் செய்துவிட்டோம்.

அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்கிருந்த அச்சம், மருத்துவர் விளக்கிச் சொன்ன பிறகு பெரும்பாலும் அடங்கியது. மயக்க மருந்து கொடுத்துத் தசைகள் தளர்ந்ததும் முதலில் மீண்டும் ஒருமுறை தடவிப் பார்ப்பார்களாம். விழித்திருக்கும்போது சிக்காத விதை அப்போது தொடை இடுக்கில் தட்டுப்படுவது உண்டு. தோலுக்கடியில் இருந்தால் அதன் மேலேயே சிறு கீறல் போட்டு எடுத்துவிடலாம். வயிற்றுக்குள் இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டும், அல்லது சிறு துளைகள் வழியே கேமராவை அனுப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. விதையிலிருந்து புறப்படும் விந்துநாளம் எங்கே போனாலும், கடைசியில் சிறுநீர்ப்பையின் கழுத்தருகே, புராஸ்டேட் சுரப்பியில் வந்து சேர்ந்தாக வேண்டும். அந்த முனையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் அதன் மறுமுனையில் விதை இருக்கும். விந்துநாளம் தொடை இடுக்கு வழிக்குள் நுழைந்து போனால் விதை வயிற்றுக்குள் இல்லை, வெளியே எங்கோ தோலுக்கடியில் இருக்கிறது என்று பொருள்.

இந்த முறையை விட்டுவிட்டு, சின்னத் துளை வழியே கொக்கியால் துழாவி இழுப்பதில் பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் அறுபட்டிருக்கிறது. விதை என்று நினைத்துப் புராஸ்டேட்டையே எடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்: உள்ளே இருக்கும் விதையை இதற்கு முன் எடுத்திருக்கிறீர்களா? கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? எடுத்ததை எனக்குக் காட்டுவீர்களா? நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை. வயதான நாயாக இருந்தால் எடுத்த விதையைத் திசு ஆய்வுக்கு அனுப்புவதும் அவசியம்.

செம்பனின் வலது விதை தொடை இடுக்கு வழியின் உட்புற வாயிலில், வயிற்றுக்குள் இருந்தது. இடதோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். பாதி அளவுகூட இல்லை, தொட்டால் நெகிழ்ந்தது. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டான். தையல் ஆறும் 10, 14 நாட்கள் வரை காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு, குதிக்கவும் மாடி ஏறவும் தடை, காயத்தில் தண்ணீர் படக் கூடாது. வயிறு திறக்கப்பட்டதால் வலி மருந்து சில நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

'கருத்தடை ஆன' வளர்ந்த நாயைத் தத்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பில் இரண்டு விதைகளும் எடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பே இல்லை, நாயும் இன்னும் ஆண் நாய்க்குரிய நடத்தையோடு இருக்கிறது என்றால் ஓர் இரத்தப் பரிசோதனை போதும். செர்டோலி செல்கள் சுரக்கும், முல்லேரியன் எதிர் ஹார்மோன் என்ற ஒன்றை அளந்து, உடலில் எங்காவது விதைத் திசு மிச்சமிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். புராஸ்டேட்டின் அளவும் துப்பு கொடுக்கும். கருத்தடை ஆன நாய்க்கு அது சுருங்கியிருக்கும்.

மினியேச்சர் ஷ்னாசர் வளர்ப்பவர்கள் இன்னும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இனத்தில் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. சற்றுமுன் சொன்ன அதே ஹார்மோனுக்குச் செவிசாய்க்கும் ஏற்பி வேலை செய்யாமல் போவதால், ஆண் நாயின் வயிற்றுக்குள் கருப்பையும் வளர்ந்துவிடுகிறது. வெளித்தோற்றத்தில் முழு ஆண். இப்படிப் பிறப்பவற்றில் ஏறக்குறைய பாதிக்கு விதை இறங்குவதில்லை. அந்தக் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு. இதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. இறங்காத விதையைத் தேடி வயிற்றைத் திறக்கும்போது கருப்பை எதிர்ப்பட்டால் மருத்துவர் திகைக்காமல் இருக்க, இனத்தின் பெயரை முன்கூட்டியே நினைவூட்டுவது நல்லது.

இப்போது, ஒரு விதையோடும் குட்டி தரக்கூடிய நாய்களுக்கு வருகிறேன். என் முழு வாதமும் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் குறை பரம்பரையாக வருகிறது. பல மரபணுக்கள் இதில் பங்கேற்கின்றன என்பதே இன்றைய பொதுவான கருத்து. தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். பெண் நாய்க்கு விதை இல்லாததால் அதனிடம் குறை வெளியே தெரியாது. தன் மகன்களுக்குக் கொடுத்துவிடும். சகோதரிகளும் அதைச் சுமக்கலாம். ஆகவே குறையுள்ள ஆணை மட்டும் ஒதுக்கிவிட்டு, அதே தாயையும் தந்தையையும் மீண்டும் இணைசேர்ப்பதால் ஒன்றும் குறையாது. 1911இல் தொடங்கப்பட்ட உலக நாய் வளர்ப்பு அமைப்பான எஃப்.சி.ஐ., தன் இனத் தரவரையறைகளில் ஆண் நாய்க்கு இயல்பான இரண்டு விதைகளும் விதைப்பையில் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும் என்று கேட்கிறது. அமெரிக்கக் கென்னல் கிளப்பும் இறங்காத விதையுள்ள நாய்களைக் கண்காட்சி மேடையில் ஏற்பதில்லை. கண்காட்சிகளில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை, ஆனால் இந்த ஒரு விதியை மனதார ஆதரிக்கிறேன். விதையைக் கீழே இழுத்துத் தைத்து, இறங்கியது போலக் காட்டும் அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் மறுப்பதும் இதனால்தான். வாங்குபவரை ஏமாற்றுவதோடு, இன்னும் பிறக்காத குட்டிகளையும் அது வஞ்சிக்கிறது.

செம்பனின் அறுவை சிகிச்சை முடிந்ததும் அவனுடைய தாயை வளர்க்கும் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் குட்டிகளை விற்றுப் பிழைப்பவர் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தாயை ஈன விடுவது அவருக்கு ஒரு மகிழ்ச்சி. "குறை ஆண் குட்டிக்கு. அதற்கு என் பொண்ணு என்னப்பா செய்வாள்?" என்று கேட்டார். தன் நாயைக் குற்றம் சொல்கிறேன் என்ற வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. மேலே எழுதியதையெல்லாம் ஐயாவுக்குப் பொறுமையாகச் சொன்னேன். ராஜாவைப் பற்றியும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் பேச்சின் வேகம் குறைந்தது. செம்பனோடு பிறந்த மற்ற ஆண் குட்டிகள் எங்கெங்கே போயின என்று அவரிடம் கேட்டேன். தேடி எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே பேசினார். ஒரு தம்பிக்கு எல்லாம் சரியாக இருந்தது. இன்னொரு தம்பிக்கு இரண்டுமே இறங்கவில்லை. 'இன்னும் சின்னவன், வளர்ந்தால் வரும்' என்று அந்த வீட்டில் ஒரு வயது தாண்டியும் காத்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்து, இரண்டையும் வயிற்றிலிருந்து எடுத்தாகிவிட்டது. தாய்க்கும் கருத்தடை செய்துவிட்டதாக ஐயா தகவல் அனுப்பினார். பெண் குட்டிகள் இரண்டு போன வீடுகளின் எண்கள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அவற்றையும் தேடிக்கொண்டிருக்கிறோம்.